உருக்குப் புயமும் அலுமினியப் புயமும்

ஒரு பொருள் எதனாற் செய்யப்பட்டது என்பதை அறிந்தவுடனேயே அதன் தரத்தையும் அறிந்துவிட்டதாக எண்ணுதல் மக்களிடையே பெருவழக்கு. வெள்ளிக் கிண்ணம் என்றால் உயர்வு. தகரக் குவளை என்றால் தாழ்வு. பாண்டங்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணத்தால் விளையும் தீங்கு பெரிதன்று. ஆனால், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனமொன்றின் முன்சில்லைப் பற்றி நிற்கும் உறுப்பைக் குறித்தும் இங்ஙனமே முடிவு செய்வோமாயின், அது உயிரோடு விளையாடுதலாகும். ஐக்கிய அமெரிக்காவில் ‘பிக்கப்’ என வழங்கும் சிறு லொறிகளை உடையோரிடையே பல்லாண்டுகளாக நிகழ்ந்துவரும் வாதமொன்று இத்தகையது. சில்லைத் தாங்கும் புயம் அலுமினியத்தால் ஆனதாயிருத்தல் நன்றா, உருக்கால் ஆனதாயிருத்தல் நன்றா என்பதே அவ்வாதம். ஒரே பெயரும் ஒரே தோற்றமும் கொண்ட லொறிகளிலேயே இருவகைப் புயங்களும் பூட்டப்பட்டு வந்தமையால், தம் வாகனத்தில் உள்ளது எதுவென அறிந்து சிலர் பெருமிதம் கொண்டனர். சிலர் அச்சம் கொண்டனர். பெருமிதம், அச்சம் ஆகிய இரண்டுக்கும் உள்ள ஆதாரம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இவ்வுறுப்பு யாதென அறிதல் வேண்டும். வாகனத்தின் சட்டகம் ஒருபுறம், சில்லு மறுபுறம். இவ்விரண்டையும் அசையாவண்ணம் இறுகப் பிணைத்துவிட்டால், பாதையிலுள்ள ஒவ்வொரு குழியும் மேடும் ஏறியிருப்போரின் முதுகெலும்பை நேரே சென்று தாக்கும். பிணைக்காது விட்டாலோ சில்லு தன்போக்கிற் சென்றுவிடும். ஆகவே, சில்லு மேலும் கீழும் அசையலாம், முன்னும் பின்னும் உள்ளும் புறமும் அசையலாகாது என்னும் நியதியை ஏற்படுத்தவல்ல ஓர் இணைப்பு வேண்டப்படுகின்றது. அவ்விணைப்பே தொழிலாளர் ‘கொன்றோல் ஆம்’ என்று கூறும் புயம். அது பெரும்பாலும் மரக்கிளையின் கவட்டைப் போன்ற வடிவுடையது. கவட்டின் இரு நுனிகளும் றப்பர்ப் புஷ்களின் வழியாகச் சட்டகத்தோடு பொருந்திக் கதவின் பிணைச்சல் போலத் திரும்பும். கவடு ஒன்றுகூடும் முனையிலே பந்தும் கிண்ணமுமாய் அமைந்த மூட்டொன்று உண்டு. நம் தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியினுட் பொருந்தியிருத்தல் போல, அப்பந்து கிண்ணத்தினுள் எப்பக்கமும் திரும்பவல்லது. சில்லுக்கு மேலே ஒரு புயமும் கீழே ஒரு புயமுமாக இரண்டு அமைந்து, அவ்விரண்டுக்கும் நடுவே சில்லுத் தாங்கி நிற்கும்.

கீழ்ப்புயத்தின் வேலை கடினமானது. சுருள்வில்லும் ‘ஷொக் அப்சோபர்’ எனப்படும் அதிர்வு தணிக்கும் குழாயும் பெரும்பாலும் அதன்மீதே ஊன்றப்பட்டிருப்பதால், வாகனத்தின் பாரம் அதன் வழியாகவே சில்லுக்கு இறங்குகின்றது. வில் ஊன்றும் இடம் சில்லுக்கும் பிணைச்சலுக்கும் இடையே அமைதலின், நெம்புகோல் விதிப்படி வில்லின் விசை சில்லின் மீதுள்ள பாரத்தினும் மிகுந்ததாகும். மேற்புயம் பாரத்தைச் சுமப்பதில்லை; சில்லு சாயாது நிமிர்ந்து நிற்கப் பிடித்துக்கொள்வதே அதன் கடமை. தடையை அழுத்தும்போதும் வளைவிலே திரும்பும்போதும் இழுவையும் நெருக்கலும் அதன்மீது மாறிமாறி வந்து தாக்கும். அமெரிக்கக் கார்களில் முன்சில்லுகள் தனித்தனியே அசையும் முறை 1934ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தாரால் பெருமளவிற் புகுத்தப்பட்டது. லொறிகளுக்கு அது வந்து சேரக் கால்நூற்றாண்டு சென்றது. 1960ஆம் ஆண்டின் செவ்ரலே லொறிகளிலேதான் முரட்டு அச்சை நீக்கித் தனித்தனிப் புயங்களை அமைத்தனர். அன்று அவை யாவும் உருக்கே. அலுமினியத்தைப் பற்றி எவரும் வாதிக்கவில்லை.

அலுமினியம் இத்துறைக்குப் பிந்தி வந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. 1856ஆம் ஆண்டிற் பெசிமர் என்பார் கண்ட முறையால் உருக்கு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது, அலுமினியம் அரும்பொருளாகவே இருந்தது. 1884ஆம் ஆண்டில் அமெரிக்கர் தம் தலைநகரிலே வாஷிங்டன் நினைவுத் தூணை முடித்து, அதன் உச்சியில் 100 அவுன்சு நிறையுள்ள அலுமினியக் கூம்பொன்றைப் பொருத்தினர். அக்காலத்தில் அதன் விலை வெள்ளியின் விலையை ஒத்திருந்தது. ஈராண்டுகள் கழித்து, 1886இல், அமெரிக்காவில் ஹோல் என்னும் இளைஞரும் பிரான்சில் எரூல் என்னும் இளைஞரும் ஒருவரையொருவர் அறியாமலே மின்பகுப்பினால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழியைக் கண்டனர். விலை வீழ்ந்தது, ஆயின் உலோகம் மென்மையாகவே இருந்தது. 1906ஆம் ஆண்டில் ஜேர்மானியராகிய அல்பிரட் வில்ம் என்பார், செம்பும் மகனீசியமும் சிறிதளவு கலந்த அலுமினியத்தைக் காய்ச்சி நீரிலே தோய்த்து வைத்தபோது, அது சில நாட்களில் தானாகவே வன்மை பெறுவதைக் கண்டார். அதன்பின்னரே அலுமினியம் பாரம் சுமக்கும் தகுதியைப் பெற்றது. இன்று புயங்களுக்குப் பயன்படும் கலப்புலோகங்களிற் பெரும்பாலன மகனீசியமும் சிலிக்கனும் கலந்தவை. அவற்றைக் காய்ச்சித் தோய்த்தபின் ஏறத்தாழ 170 பாகை செல்சியசு வெப்பத்திற் சில மணிநேரம் வைத்துப் பதப்படுத்துவர். இப்பதத்தை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

ஆகாயவிமானங்களுக்கு உரியதாயிருந்த இவ்வுலோகம் லொறிகளை நாடி வந்தமைக்கு எரிபொருளே காரணம். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப்பின், 1975இல், வாகனங்கள் ஒரு கலன் எரிபொருளில் ஓடவேண்டிய சராசரித் தூரத்தை அமெரிக்க அரசு சட்டத்தால் விதிக்கத் தொடங்கியது. 2012ஆம் ஆண்டில் அவ்விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. நிறையைக் குறைத்தல் இன்றியமையாததாயிற்று. போர்ட் நிறுவனத்தார் 2015ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட எப்-150 லொறியின் உடலை அலுமினியத்தால் ஆக்கி, முழு வாகனத்தில் ஏறத்தாழ 700 இறாத்தல் வரை குறைத்தனர். ஆனால் அதே லொறியின் சட்டகத்தை அவர்கள் வலிமை மிக்க உருக்கினாலேயே செய்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. உலோகத்தின் பெயரைக் கேட்டே முடிவுசெய்யும் பொறியியலாளர் எவரும் இலர்.

இனி உலோகங்களின் இயல்பை நோக்குவோம். ஒரு கன சதமமீற்றர் உருக்கு 7.85 கிராம் நிறையுள்ளது, அலுமினியம் 2.7 கிராம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதனைக் கேட்டவுடன் புயத்தின் நிறையும் மூன்றில் ஒன்றாகும் என எண்ணத் தோன்றும். அங்ஙனமன்று. விசைக்கு வளைந்துகொடாது நிற்கும் விறைப்பிலும் அலுமினியம் உருக்கின் மூன்றில் ஒரு பங்கே உடையது. ஒரே அளவான இரு கோல்களை இழுத்தால், அலுமினியக் கோல் மும்மடங்கு நீளும். அதனை உருக்குக்கு நிகராக்க வேண்டின் பருமனை மும்மடங்காக்கல் வேண்டும். அப்போது நிறை மீண்டும் சமமாகிவிடும். நேர் இழுவையைப் பொறுத்தவரையில் அலுமினியத்தால் விறைப்பிற் பெறும் இலாபம் யாதும் இல்லை என்பதே இதன் பொருள். கணக்கில் மகிழ்ச்சியுள்ள மாணவர் இதனைத் தாமே செய்துபார்க்கலாம்.

அங்ஙனமாயின் இலாபம் எங்கிருந்து வருகின்றது? வடிவத்திலிருந்து வருகின்றது. ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் விறைப்பு தடிப்பின் கனத்தைப் பொறுத்து, அதாவது தடிப்பை மும்முறை தம்முட் பெருக்கிய அளவைப் பொறுத்து, கூடும். ஆகவே மும்மடங்கு விறைப்பைப் பெறுதற்குத் தடிப்பை மும்மடங்காக்க வேண்டுவதில்லை, 1.44 மடங்காக்கினாற் போதும். அங்ஙனம் செய்த அலுமினியத் தகடு, உருக்குத் தகட்டின் விறைப்பைப் பெற்றும் நிறையிற் பாதியாக நிற்கும். அலுமினியப் புயங்கள் விலாவெலும்புகளும் மேடுகளுமாய்ப் பருத்துக் காணப்படுதல் அழகுக்காக அன்று. பருமனே அவற்றின் வலிமை. ஆனால் பருமனுக்கு இடம் வேண்டும். சில்லுக்கும் வில்லுக்கும் தடைக்குழாய்களுக்கும் இடையே அகப்படும் இடம் சிறிதே. மறுபுறம், உருக்கையும் தடித்த கோலாகச் செய்யவேண்டுமென்ற விதி இல்லை. 3 அல்லது 4 மில்லிமீற்றர்த் தகட்டை அச்சில் அழுத்தி மடித்துப் பெட்டிபோலாக்கினால், அதுவும் குறைந்த நிறையில் மிகுந்த விறைப்பைத் தரும். ஆதலால் இப்போட்டி இரு உலோகங்களுக்கிடையே நிகழ்வது என்பதினும் இரு வடிவங்களுக்கிடையே நிகழ்வது எனல் பொருந்தும்.

அலுமினியத்தின் சார்பாகக் கூறப்படும் பெருங்காரணம், வில்லுக்குக் கீழே தொங்கும் நிறை குறைகின்றது என்பது. இது உண்மையே. வில் தாங்கும் நிறை வேறு. வில்லாற் தாங்கப்படாது சில்லோடு சேர்ந்து துள்ளும் நிறை வேறு. பின்னது குறையக் குறையச் சில்லு பாதையின் மேடுபள்ளங்களை விரைந்து பின்பற்றி நிலத்தை விடாது பற்றும். ஆயினும் எவ்வளவு குறைகின்றது என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். புயத்தின் ஒரு முனை சட்டகத்தோடு பிணைந்து அசையாது நிற்க, மறுமுனை மட்டுமே சில்லோடு அசைகின்றது. ஒரு முனையிற் பிணைக்கப்பட்ட சீரான கோலின் நிறையில் மூன்றில் ஒரு பங்கையே மறுமுனை உணரும் என்பது இயக்கவியல். ஓர் எடுத்துக்காட்டுக்காக, உருக்குப் புயம் 6 கிலோகிராம், அலுமினியப் புயம் 3 கிலோகிராம் எனக் கொள்வோம். குறைந்த 3 கிலோகிராமிற் சில்லு உணர்வது ஒன்றே. இத்தகைய லொறியின் சில்லும் ரயரும் மட்டுமே 30 கிலோகிராமை அண்டும். அலுமினியப் புயத்தைப் புகழ்ந்துரைக்கும் ஒருவர், அதே வாகனத்திற்குக் கரடுமுரடான பெரிய ரயர்களை மாட்டிச் சில்லொன்றுக்கு ஐந்தாறு கிலோகிராமைக் கூட்டிக்கொண்டு திரிதலைக் காணும்போது நகைப்பே உண்டாகின்றது.

அடுத்து, களைப்பு. உலோகத்துக்கும் களைப்பு உண்டோ என வினவலாம். 1842ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் வேர்சேயிலிருந்து மீண்டுகொண்டிருந்த புகைவண்டியின் அச்சு முறிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாரம் மிகுதியால் அன்று. நெடுங்காலம் மீண்டும் மீண்டும் வளைந்ததால் அச்சு உள்ளே கீறலுற்று முறிந்தது. இவ்வாறு அச்சுக்கள் முறிதற்கான காரணத்தைப் பின்னர் வோலர் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர் பலவாண்டு சோதனைகளால் ஆராய்ந்தார். ஒருமுறை தாங்கக்கூடிய விசையிற் பெரிதும் குறைந்த விசையே பல இலட்சம் முறை மாறிமாறித் தாக்கின் உலோகம் முறியும் எனவும், உருக்கைப் பொறுத்தமட்டில் ஒரு குறித்த எல்லைக்குக் கீழ்ப்பட்ட விசை எத்தனைமுறை தாக்கினும் முறியாது எனவும் கண்டார். சாதாரண உருக்கில் அவ்வெல்லை அதன் முறிவலிமையிற் பாதியளவு. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிந்த எல்லை இல்லை. விசையைக் குறைத்தால் முறிவு தள்ளிப்போகுமேயன்றி முற்றாய் நீங்குவதில்லை. வழக்கிலுள்ள 6061 என்னும் கலப்புலோகம் பதப்படுத்திய நிலையிற் சதுர மில்லிமீற்றருக்கு 310 நியூற்றன் வரை தாங்கும். ஆனால் 50 கோடிமுறை தாங்கவேண்டின் 97 நியூற்றனுக்கு மேல் ஏற்றலாகாது. மூன்றில் ஒரு பங்கும் இல்லை. 1954ஆம் ஆண்டில் இரு கொமற் விமானங்கள் மத்தியதரைக் கடலில் வீழ்ந்தமைக்கு அவற்றின் அலுமினிய உடல் இவ்வாறு களைப்புற்றமையே காரணமெனப் பின்னர்த் தெளியப்பட்டது.

இதனாற் புயங்களுக்கு அலுமினியம் ஆகாது என்று துணிதல் தவறு. பாதையிற் பத்து மீற்றருக்கு ஒரு முறை குறிப்பிடத்தக்க அதிர்ச்சி உண்டாகிறது எனக் கொண்டால், 200,000 கிலோமீற்றர் ஓடி முடிக்கையில் இரண்டு கோடி அதிர்ச்சிகள் ஆகும். இது கணக்கிடக்கூடிய தொகை. அதற்கு மேலும் பன்மடங்கு தாங்குமாறு தடிப்பை அமைத்துவிட்டால் வாகனத்தின் வாழ்நாள் முடியுமுன் புயத்தின் வாழ்நாள் முடிவதில்லை. ஆனால் இக்கணக்கு, செய்தவர் எண்ணிய பாரத்துக்கும் எண்ணிய ரயருக்கும் எண்ணிய உயரத்துக்குமே பொருந்தும் என்பதை மறத்தலாகாது. உருக்கின் எல்லையும் மாறாத ஒன்றன்று. துருவேறி மேற்பரப்பிற் குழிகள் விழுந்த உருக்கு, தனக்கு இயல்பாயிருந்த அவ்வெல்லையை இழந்துவிடும்.

துருவைப் பற்றி இங்கே கூறுதல் பொருந்தும். மிச்சிக்கன், ஒகையோ, நியூயோர்க் முதலிய வட மாநிலங்களில் மாரிகாலத்துப் பனிக்கட்டியை உருக்கப் பாதைகளில் உப்பைத் தூவுவர். அவ்வுப்பு நீர் வாகனத்தின் அடிப்புறமெங்கும் தெறித்து ஒட்டிக்கொள்ளும். உருக்கின் துரு சிதறி உதிர்வது. உதிர உதிரப் புதுப்பரப்பு வெளிப்பட்டு மீண்டும் துருவேறும். தடித்த வார்ப்புப் புயத்தில் ஒரு மில்லிமீற்றர் போதலால் கேடில்லை. 3 மில்லிமீற்றர்த் தகட்டில் ஒரு மில்லிமீற்றர் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பெட்டிபோன்ற வடிவத்தின் உட்புறத்திற் சேறும் உப்பும் தங்கிக் கண்ணுக்குத் தெரியாமலே தின்னும். அலுமினியமோ காற்றுப் பட்டவுடன் மெல்லிய ஒட்சைட்டுப் போர்வையொன்றால் தன்னை மூடிக்கொள்கின்றது, அது உதிர்வதில்லை. எனினும் உப்பிலுள்ள குளோரைட்டு அப்போர்வையை ஆங்காங்கே துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும். மேலும், அலுமினியமும் உருக்கும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டிருப்பின் அவை இரண்டும் சிறியதொரு மின்கலமாகி, அலுமினியமே தேய்ந்துபோகும். புயத்தின் புஷ்ஷை ஊடுருவும் ஆணியும் அதன் உறையும் உருக்காலானவை என்பதை எண்ணுக. ஆகவே பூச்சும் இடைத்தடுப்பும் இன்றி அமைந்த அலுமினியம் துருப்பிடிக்காது என்னும் புகழுக்கு முற்றும் உரியதன்று. இருந்தும், உப்புப் பாதைகளிற் பத்தாண்டு ஓடிய வாகனங்களைப் பொறுத்தவரையில் அலுமினியத்தின் பக்கமே தீர்ப்புக் கூறல் வேண்டும் என்பது எம் கருத்து.

இனி, எதிர்பாராத அடி. ஆழ்ந்த குழியிலோ பாதையோரக் கல்லிலோ சில்லு மோதும்போது, புயம் எவ்வாறு கெடுகின்றது என்பதே உயிரைப் பற்றிய வினா. மென்னுருக்குத் தகடு முறியுமுன் நெடுந்தூரம் வளையும்; தன் நீளத்தில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேலும் நீண்ட பின்னரே அறும். வளைந்த புயம் சில்லைச் சாய்க்கும். வாகனம் ஒருபுறமாய் இழுக்கும். ரயர் ஒருபக்கம் தேயும். ஏதோ கெட்டுவிட்டது என்பதை ஓட்டுநர் அறிந்துகொள்வார். சம்மட்டியால் அடித்து உருவாக்கிய அலுமினியம் நூற்றுக்குப் பன்னிரண்டளவில் நீளும். அச்சில் வார்த்த அலுமினியம் அதனினும் குறைவு. எனவே அறிவிப்புக் குறைவு. அலுமினியம் திடீரென முறியும் என்று அஞ்சுவோர் கூற்றில் இவ்வளவு உண்மை உண்டு. ஆயின் கடுங்குளிர் வந்தால் இக்கதை சற்று மாறும். உருக்கு குளிரிற் தன் இளகுந்தன்மையை இழந்து கண்ணாடி போல் உடைவது உண்டு. 1943ஆம் ஆண்டு சனவரியில், ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லன்ட் துறையிற் கட்டி நின்ற ஸ்கெனெக்ரடி என்னும் புதுக்கப்பல், அமைதியான நீரில் நின்றவாறே நடுவிற் பிளந்தது அவ்வகைக் குறையாலேயே. இன்றைய உருக்குகள் அக்காலத்தவற்றினும் பெரிதும் மேம்பட்டவை. அலுமினியத்துக்கோ அக்குறை இயல்பிலேயே இல்லை. குளிர்ந்தாலும் அது இளகுந்தன்மையை இழப்பதில்லை.

இவையனைத்தும் ஒன்றுகூடும் எடுத்துக்காட்டு ஒன்றைக் காட்டுவோம். 2014 முதல் 2018 வரையான மாதிரிகளாக வெளிவந்த செவ்ரலே சில்வராடோ 1500, அதன் உடன்பிறப்பாகிய ஜீ.எம்.சி. சியரா 1500 ஆகிய லொறிகளின் முன்புறத்தில் மூவகைப் புயங்கள் காணப்படும். சிலவற்றில் அலுமினியம்; சிலவற்றில் வார்ப்புருக்கு; சிலவற்றில் அழுத்தி மடித்த உருக்குத் தகடு. மேற்றோற்றத்தில் லொறி ஒன்றே. தம்முடையது எதுவென அறிய உரிமையாளர் கையாளும் சோதனை எளியதும் இனியதுமாகும். முதலிற் காந்தத்தை வைத்துப் பார்ப்பர், ஒட்டாவிடின் அலுமினியம். ஒட்டினால் சிறு சுத்தியலால் தட்டுவர். மந்தமான ஒலி எழுந்தால் வார்ப்பு. வெறுமையான கணீரென்ற ஒலி எழுந்தால் தகடு. இங்ஙனம் அறிவது வெறும் ஆவலினால் அன்று. மூட்டு பொருந்தும் சில்லுத் தாங்கியும் வேறுபடுதலால், வார்ப்புருக்குக்கென விற்கப்படும் உதிரிப்பாகங்கள் ஏனைய இரண்டுக்கும் பொருந்தா.

இம்மூன்றனுள் எது வலிது என வினவுவோர் பெரும்பாலும் புயத்தையே நோக்குகின்றனர், நோக்கவேண்டியது மூட்டை. தகட்டுப் புயத்தின் மெல்லிய தகட்டிலே பந்துமூட்டின் கிண்ணத்தைப் பற்றி நிற்கும் விளிம்பு சிறிது. வாகனம் தொழிற்சாலையில் அமைந்த உயரத்தில் நிற்கும் மட்டும் அச்சிறு விளிம்பு போதும். ஆனால் அமெரிக்காவிற் பலர் தம் லொறிகளைத் தோற்றத்துக்காகவும் காட்டுப்பாதைக்காகவும் சில அங்குலம் உயர்த்துகின்றனர். வில்லின் மேலே ஓர் இடைத்துண்டைச் செருகுதலே இதற்குரிய மலிவான வழி. அப்போது புயம் கிடையாய் நில்லாது கீழ்நோக்கிச் சரியும். மூட்டின் பந்து கிண்ணத்துக்குள் திரும்பவல்ல கோணத்துக்கு ஓர் எல்லை உண்டு. சில்லு குழியில் இறங்கும்போது அவ்வெல்லை கடக்கப்பட்டால், மூட்டின் தண்டு கிண்ணத்தின் விளிம்பை நெம்புகோல் போற் கிளப்பும். இதனால் மூட்டு கழன்றுவிடுமோ என்னும் அச்சமே தகட்டுப் புயங்களைப் பற்றிய வாதத்துக்குப் பெரிதும் காரணமாயிற்று. அதே உயர்த்தலை அலுமினியப் புயத்திற் செய்தாலும் மூட்டின் கோணம் அதுவே. பருத்த உடல் கிண்ணத்தை இறுகப் பற்றுவதாற் பொறுக்கும் காலம் நீளலாம், நெம்புதல் நீங்குவதில்லை. ஆகவே, குறை உருக்கினுடையதும் அன்று, அலுமினியத்தினுடையதும் அன்று. ஓர் உயரத்துக்கென அமைத்த பொறியை வேறோர் உயரத்தில் இயக்கியமையே குறை. உயர்த்த விரும்புவோர் அக்கோணத்துக்கென அமைத்த மேற்புயத்தையே வாங்குதல் வேண்டும். அது எவ்வுலோகம் என்பது இரண்டாவது வினா.

பழுதுபார்த்தலிலும் இவ்விரண்டும் பெரிதும் வேறுபடுகின்றன. இரும்பைக் காய்ச்சி நிமிர்த்துவதில் கைதேர்ந்த தொழிலாளர் எந்நாட்டிலும் உளர். இரும்பு தன் சூட்டை நிறத்தாற் காட்டும். கருஞ்சிவப்பு, செஞ்சிவப்பு, மஞ்சள் என அது மாறுதலைக் கண்டே கொல்லன் தன் தொழிலைச் செய்கின்றான். அலுமினியம் நிறம் மாறுவதில்லை. சிவக்கும் என்று காத்திருக்கையிலேயே உருகி வீழ்ந்துவிடும். தூய அலுமினியத்தின் உருகுநிலை 660 பாகையே. கலப்புலோகங்கள் அதற்கும் முன்னரே உருகத் தொடங்கும். அதனினும் கேடானது, உருகுதற்கு நெடுமுன்னரே, 200 பாகையைத் தாண்டிச் சூடேறும்போதே, மேலே கூறிய பதம் கெடத் தொடங்குதல். ஒட்டுப்போட்ட இடத்தின் அருகே 6061 போன்ற கலப்புலோகம் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். ஒட்டு அழகாயிருக்கும், பக்கத்து உலோகம் மெத்தென்றிருக்கும். எனவே வளைந்த அலுமினியப் புயத்தை நிமிர்த்தலும் ஒட்டலும் ஆகா. கழற்றி எறிந்து புதியதைப் பூட்டலே முறை. பல அலுமினியப் புயங்களிற் பந்துமூட்டு புயத்தோடு ஒன்றாகவே அமைவதால், மூட்டு மட்டும் தேய்ந்தாலும் முழுப்புயத்துக்கே பணம் கொடுத்தல் வேண்டும். உருக்குப் புயத்தையும் சூடேற்றி நிமிர்த்துதல் தகாது என்றே உற்பத்தியாளர் கூறுவர். ஆயினும் மலிவு விலைக்கு வேறொன்று கிடைப்பதனால், அத்தவற்றைச் செய்யத் தூண்டும் தேவை அங்கே குறைவு.

விலையைப் பற்றிச் சுருங்கக் கூறுதல் போதும். ஒரு தொன் அலுமினியத்தைத் தாதுப்பொருளிலிருந்து மின்பகுப்பினாற் பிரிக்க ஏறத்தாழ 14,000 கிலோவாற்று மணி மின்சாரம் செலவாகின்றது. பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்கிப் பயன்படுத்தினால் அச்சத்தியில் நூற்றுக்கு ஐந்தளவே தேவை. ஆகவே பழுதான புயமும் குப்பையன்று. பழைய உலோகம் வாங்குவோர் அதனை உருக்கினும் உயர்ந்த விலைக்குக் கொள்வர்.

உப்புப் பாதையில் நாள்தோறும் ஓடி, உயர்த்தப்படாது, தொழிற்சாலை வைத்தபடியே இருக்கும் லொறிக்கு அலுமினியப் புயம் நன்று. பாறைகளிலும் மரவேர்களிலும் அடிபட்டுத் திரியும் லொறிக்கு, அடியை வளைந்து ஏற்கும் தடித்த உருக்கு நன்று. பண்ணைவேலைக்கும் பாரமிழுக்கவும் பயன்படுவதற்கு எதுவாயினும் ஒன்றே. அங்கே றப்பர்ப் புஷ்ஷும் மூட்டின் மசகும் முதலிற் கெடும். மெல்லிய தகட்டுப் புயமுள்ள வாகனத்தை உயர்த்துவோர் மேற்புயத்தை மாற்றாது உயர்த்தலாகாது.

சோதிக்கும் முறையும் உலோகத்துக்கேற்ப வேறுபடும். உருக்கிலே கீறல் விழுந்தால் அதனூடே துருநீர் கசிந்து செங்கோடொன்றை இடும். விளக்கொளியிற் கண்ணுக்கே அது தெரியும். ஐயமிருப்பின் காந்தமூட்டி இரும்புத்தூளைத் தூவினால் கீறலோரம் தூள் திரண்டு நிற்கும். அலுமினியக் கீறல் செந்நிறம் காட்டாது; காந்தத்துக்கும் அகப்படாது. அதனை நன்கு கழுவி உலர்த்தி, ஊடுருவும் சாயத்தைப் பூசித் துடைத்து, வெண்பொடி தூவிப் பார்த்தல் வேண்டும். கீறலுள் ஒளிந்த சாயம் பொடியின்மீது கசிந்து கோடாய்த் தோன்றும். கடுமையான மோதலுக்குப்பின் புயத்தின் கவடு கூடுமிடத்திலும் புஷ் பொருந்தும் வளையத்தின் ஓரத்திலும் இச்சோதனையைச் செய்தல் வழக்கம். சில்லை நிலத்தினின்றும் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்து, மூட்டிலே தளர்வு உண்டா எனப் பார்த்தற்கோ எந்தச் சாயமும் வேண்டியதில்லை. இரு கைகளும் ஐந்து நிமிடமும் போதும்.